வேன் தரையில் ஒரு ஓட்டை

இதை எனக்கு முதலில் சொன்னது என் மூத்த மகளின் நாத்தனார் ஜெசிந்தா. போன வருஷம் குருத்தோலை ஞாயிறு அன்று, பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னாள்.

கடற்கரை ஊர் ஒன்றில் சிலுவைமுத்து என்று ஒருவர். வயது அறுபது. பழைய வேன் ஒன்றில் பதினொரு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் விடுவார். அதுதான் அவர் பிழைப்பு. உப்புக்காற்று அந்த வேனின் தரையை அரித்துவிட்டது.

உப்பளம் போகிற ரோட்டில் பிலோமி வெல்டிங் பட்டறை வைத்திருந்தாள். அவருடைய வயதில் பாதிதான் அவளுக்கு. அவளிடம் போனார்.

“வெல்டிங் கத்துக் குடு தாயி. வருஷா வருஷம் அடுத்தவன் கையை எதிர்பாக்க முடியல.”

“சரி அண்ணாச்சி. முதல்ல துரு பிடிச்சதையெல்லாம் வெட்டி எடுங்க.”

“அதுக்கு எங்க நேரம்? திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்காங்க. நான் வராட்டா வேற வண்டி பாத்துருவாங்க. ஓட்டை சின்னதுதான். மேல ஒரு தகடு வச்சு ஒட்டினாப் போதும்.”

பிலோமி முகத்தை மறைக்கும் வெல்டிங் கண்ணாடியைக் கொடுத்தாள். வெல்டிங் ராடு பிடிக்கும் விதத்தைக் காட்டினாள்.

அவர் தகட்டை வைத்துப் பற்றவைத்தார். பொறி பறந்தது. தகட்டின் ஓரத்தில் துருப்பிடித்த தரை உருகி, புதிதாக ஒரு ஓட்டை விழுந்தது.

“கரண்டு ஜாஸ்தியோ?”

அவள் குறைத்து வைத்தாள்.

இன்னொரு ஓட்டை விழுந்தது.

“ராடு தடியா இருக்கோ?”

அவள் மெல்லிய ராடு கொடுத்தாள்.

மூன்றாவது ஓட்டையும் விழுந்தது.

“கை ஆடாமத்தானே பிடிச்சேன்! என்ன படிப்பு குடுத்தே நீ?”

“இன்னும் நாலு விழட்டும் அண்ணாச்சி. கடலுக்குக் கொண்டு போய் வலையா விரிச்சிரலாம்.”

அவர் சிரிக்கவில்லை. ஓட்டைகளில் பட்டிப் பசையை அப்பினார். காய்ந்ததும் தேய்த்து, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தார். மறுநாள் அதன்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டார். பிலோமியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் முகம் தெளிந்திருந்தது.

“இப்பம் ஓட்டை தெரியுதா?”

“தெரியல.”

“பிறகென்ன?”

“இந்த இடத்துல யார் உக்காருவா?”

“ஸ்டெபி. ரெண்டாங் கிளாஸ். சன்னல் சீட்டு இல்லேன்னா அழுதுருவா.”

பிலோமி வேனில் ஏறினாள். அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் விரிப்பின்மேல் ஊன்றினாள்.

“வண்டிய எடுங்க அண்ணாச்சி. ஹார்பர் வரைக்கும் போயிட்டு வருவோம்.”

சிலுவைமுத்து டிரைவர் சீட்டில் ஏறினார். சாவியைத் திருகினார். வண்டி உறுமியது. கியரில் கையை வைத்தவர், திரும்பிப் பார்த்தார்.

“தாயி, காலை மட்டும் தூக்கி வச்சுக்கோ.”

“ஏன் அண்ணாச்சி?”

அவர் அவள் கால் ஊன்றியிருந்த விரிப்பைப் பார்த்தார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

வண்டியை அணைத்தார். பையிலிருந்து போனை எடுத்து, பள்ளிக்கூடத்துத் தலைமைக் கன்னியாஸ்திரியைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், சிலுவைமுத்து பேசுதேன். திங்கட்கிழமை என் வண்டி வராது.”

ஜெசிந்தா இவ்வளவுதான் சொன்னாள். இதைக் கேட்ட நீங்கள், பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவர்களுக்காக இன்று ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுங்கள்.