கோணவாய்க்கால்காரர்களின் உத்தரீயம்

கோணவாய்க்கால் ஆட்களின் மனசைக் குறை சொல்லவே முடியாது. சாமி கும்பிட்டால் கன்னம் சிவக்கப் போட்டுக்கொள்வார்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். வம்பு அங்கேதான்.

ஒரு தை மாதம், நெல் பால் பிடிக்கிற நேரத்தில், ஏரி மடை அடைத்துக் கிடந்தது. மன்னர் உத்தரவில்லாமல் திறக்கக் கூடாது. பயிர் காய்ந்தால் ஊரே பட்டினி. ஆவுடையான், பூலான், மொக்கையன் மூவரும் அரண்மனைக்குப் புறப்பட்டார்கள்.

வாசலில் காவலர் மறித்தார். "தோளில் உத்தரீயம் இல்லாமல் யாரும் சபையில் நிற்கக் கூடாது."

தலை முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டார்கள். உத்தரீயம் ஆகிவிட்டது.

மன்னரைக் கண்டதும், பெரியவர்கள் முன்னால் செய்கிற மரியாதையாகத் தோள் துணியை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். "மகாராசா, எங்க ஊர் மடை..." என்று ஆரம்பித்தான் ஆவுடையான்.

பூலான் அவன் கையைப் பிடித்தான். "அண்ணே, நம்ம தோள்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"இடுப்புல கட்டினா இதுக்குப் பேரு கச்சை. உத்தரீயம் இல்ல."

"அப்போ தோள்லயே போட்டுக்குவோமே" என்றான் மொக்கையன்.

"மகாராசா முன்னாடியா? உன்னைய வளத்தாங்களா, மேய்ச்சாங்களா?"

மூவரும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். வாசலில் துணியைத் தோளில் போட்டு உள்ளே வந்தார்கள். மரியாதைக்கு இடுப்பில் கட்டினார்கள். "மகாராசா, எங்க ஊர் மடை..." மறுபடி வெளியே போனார்கள்.

இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை மன்னர், "மடைக்கு என்னப்பா?" என்று கேட்டுக்கொண்டே அவர்கள் பின்னால் ஓடிவந்தார். அந்த வேகத்தில் அவருடைய பட்டு உத்தரீயம் சிம்மாசனத்தில் சிக்கி அங்கேயே கிடந்துவிட்டது.

தெருவில் நின்று மூவரும் முழுக்கச் சொன்னார்கள். "இவ்வளவுதானா?" என்று, மடையைத் திறக்கச் சொல்லி அப்போதே குதிரைக்காரனை அனுப்பினார் மன்னர். பாவம், மூவருக்கும் கண் கலங்கிவிட்டது.

மன்னர் உள்ளே திரும்பினார். மூவரும் குறுக்கே நின்றார்கள்.

"தோள் வெறுமையா இருக்குங்க. உள்ள விடமாட்டாங்க" என்றான் ஆவுடையான்.

"துணி உள்ளேதானே இருக்கிறது?"

"எடுக்கணும்னா உள்ள போகணும்" என்றான் பூலான். "போகணும்னா துணி வேணும்."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் மொக்கையன் தன் துணியை உதறி மன்னர் தோளில் போட்டு, காதோடு சொன்னான்:

"பாத்து நடந்துக்குங்க. உள்ள மகாராசா இருப்பாரு. அவரைப் பாத்ததும் மறக்காம இடுப்புல கட்டிக்குங்க."