கர்னல் வீட்டு அடையாளச் சொல்

கர்னல் ரத்னசபாபதி பட்டாளத்திலிருந்து வந்து எம்.பி. ஆனதே ஒரு கதையைச் சொல்லித்தான். சண்டையில் குண்டடிபட்ட அவரை ஒரு சிப்பாய் முதுகில் தூக்கிவந்து காப்பாற்றிவிட்டுச் செத்துப்போனான். மேடைக்கு மேடை அதைச் சொல்லி அழுவார்; ஓட்டு விழும்.

ஜெயித்த பிறகு, மனு கொடுக்க வருகிறவர்கள் அவருக்குத் தொல்லையாகிவிட்டார்கள். வாசல் காவலுக்கு இருந்த பழைய ஹவில்தார் தங்கப்பழத்தைக் கூப்பிட்டார்.

"எல்லையில நிக்கிற மாதிரியே நில்லு. தினம் ஒரு அடையாளச் சொல் நீயே வை. அது தெரியாம நானே வந்தாலும் கேட்டைத் திறக்காதே."

பேச்சித்தாய் அன்றும் வாசலில் உட்கார்ந்திருந்தாள். போரில் செத்த மகன் பெயரை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வைக்கச் சொல்லி நடையாய் நடக்கிறவள்.

டெல்லியிலிருந்து வந்த கர்னல், பத்திரிகைக்காரர்களோடு காரை விட்டு இறங்கினார். தங்கப்பழம் மறித்தார்.

"அடையாளச் சொல், சார்?"

"பார்த்தீங்களா, இதான் பட்டாளத்துக் கட்டுப்பாடு!" கர்னல் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "இன்னைக்கு என்ன சொல்லுப்பா? கொஞ்சம் கோடி காட்டு."

"உங்களைத் தூக்கிட்டு வந்து செத்தானே, அவன் பேரு சார்."

கர்னல் தங்கப்பழத்தின் தோளைத் தட்டினார்.

"நம்ம பையன்தான்... நல்ல பையன்..."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பேச்சித்தாய் எழுந்தாள்.

"பூல்பாண்டி, ஐயா. எம் மகன்."

கேட் திறந்தது. அவள் உள்ளே போனாள். போய் யாரிடம் கேட்பாள்? எம்.பி.தான் வெளியே நிற்கிறாரே.