பாதியாப் போன சிப்பி

ஒரு ஊர்ல ஒரு காளவாசல்காரி இருந்தா, பேரு பேராச்சி. அவளும் புருசன் கொம்பையாவும் கடல்ல ஒதுங்கின சிப்பியச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவாங்க. ம் கொட்டு, அப்பதான் மேல சொல்லுவேன்.

அந்தத் தொழில்ல ஒரு வழக்கம். சிப்பிய மரக்கால்ல அளந்து வாங்கி, சுண்ணாம்பையும் மரக்கால்லயே அளந்து குடுப்பாங்க. வெந்தாலும் சிப்பி உருவம் அப்படியே இருக்கும் பாரு, அளவு சரியா வந்துரும். ஆனா அந்த வருசம் புதுசா ஒரு மணியக்காரர் வந்தாரு. தராசத் தவிர யாரையும் நம்பாத மகராசன்! கோயிலுக்கு வெள்ளையடிக்க நூறு பலம் சிப்பிய நிறுத்துக் குடுத்தாரு. கொம்பையா சுட்டுக் கொண்டாந்ததையும் நிறுத்தாரு. அம்பத்தாறு பலம்தான் இருந்துச்சு.

"மிச்சம் எங்கடா? வித்துத் தின்னுட்டியா?"

கொம்பையா தராசையே திரும்பத் திரும்பப் பார்த்தான். காளவாசல்காரங்க யாரும் அதுவரைக்கும் நிறுத்துப் பார்த்ததே இல்லையே! ஊரே திருடன்னு ஏசுச்சு. அவமானம் தாங்காம அன்னிக்கே ஊர விட்டுப் போயிட்டான்.

அப்புறம் பேராச்சி ரெண்டு பேருக்குச் சோறாக்கி வச்சுக்கிட்டு, ஒரு வாய்கூட இறங்காம உக்காந்திருப்பா. பாவம், அப்படி ஏங்கினா. 'அவர் எடுக்கலன்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தானே திரும்பி வருவாரு'ன்னு நெனச்சா.

நேரா காளவாசல் தீகிட்ட போனா. "தீயே, நீ தின்னியா?"

"நான் சூடு மட்டும்தான் குடுத்தேன். சிப்பிக்குள்ள இருந்து ஏதோ புஸ்ஸுன்னு கெளம்பிப் போச்சு."

அப்போ தண்ணிகிட்ட போனா. "நீ கரைச்சியா?"

"நான் வர்றதுக்கு முந்தியே அது போயிருச்சு. நான் சுண்ணாம்ப மாவாக்குவேன், காயும்போது கெளம்பிருவேன்."

அப்புறம் காத்துகிட்ட போனா. காத்து விர்ர்ருன்னு சுத்துச்சு. "என்கிட்டதான் இருக்கு ஆத்தா, கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புல தண்ணி ஊத்தி நீத்தித் திறந்து வை. கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பிக் குடுத்துருவேன்."

ம்? முழிச்சிருக்கியா? சரி.

பேராச்சி மணியக்காரர்கிட்ட போனா. "ஐயா, அந்த அம்பத்தாறு பலத்த உங்க வீட்டு முற்றத்துலயே, உங்க கண்ணு முன்னாடியே வைங்க. நான் தொடமாட்டேன். காத்துல போனது தானா திரும்பி வரும்." தண்ணி ஊத்தினாங்க. சொய்ய்ங்! கொதகொதன்னு பொங்கி மாவாச்சு. மணியக்காரர் வீட்டு ஆளுங்களே தண்ணி தெளிச்சு, கிளறிவிட்டுக் காவல் காத்தாங்க. மாசா மாசம் நிறுத்தாங்க. எடை ஏறிக்கிட்டே இருந்துச்சு. கடைசியில ஈரம் சுத்தமா வத்தி, மாவு கல்லா இறுகிப்போச்சு. நிறுத்தா நூறு பலம்! ஒரு குண்டுமணி கூடல, ஒரு குண்டுமணி குறையல.

மணியக்காரர் தலையில கை வச்சுக்கிட்டாரு. "காத்துல போனதுக்கு ஒரு மனுசனத் திருடன்னு சொல்லிட்டேனே!" சந்தைக்குச் சந்தை தண்டோரா போடச் சொன்னாரு. டம் டம் டம்! "கொம்பையா எதையும் எடுக்கலே!"

ஒரு சந்தை போச்சு, ஆளக் காணோம். ரெண்டாவது சந்தையும் போச்சு. பேராச்சிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு யுகமாப் போச்சு. மூணாவது சந்தை முடிஞ்ச மறுநாள் வாசல்ல ஒருத்தன் வந்து நின்னான். கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமா.

பேராச்சி ஓடிவந்து பார்த்தா. அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு, கூடவே கோவமும் வந்துச்சு. "என்ன இப்படிப் பாதியா வந்து நிக்கிறீங்க? மிச்சத்த எங்க தொலைச்சீங்க?"

கொம்பையா சொன்னான்: "தொலைக்கல புள்ள. இங்கதான் விட்டுட்டுப் போயிருந்தேன்."

அவங்க சாப்பிட உக்காந்துட்டாங்க, கதையும் அதோட சரி. கண்ண மூடு, கண்ணு.