முன் திருகாணி

பொன்னுரங்கம் கேள்வி கேட்க வந்தபோதே பதிலையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அவர் சுபாவம் அப்படி. இருபத்தெட்டு வருஷம் போலீஸ் ஆயுதக் கிடங்கில் குப்பை கொட்டிய மனுஷன். ஓய்வுக்குப் பிறகு, தன்னைவிடப் பத்து வயது இளையவளான மெர்சலினிடம் துப்பாக்கி செப்பனிடும் வேலை கற்கச் சேர்ந்திருந்தார்.

"இந்த ரைபிள்ல என்ன கோளாறு மேடம்? எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல."

அது துப்பாக்கி சுடும் கிளப்பின் போட்டி ரைபிள். தோளில் அணைக்கும் பழைய மரக்கட்டை போய்ப் புது ஃபைபர் கட்டை வந்திருந்தது. கட்டையின் பள்ளத்தில் பசை ஊற்றி, ரைபிளின் இரும்பு உடம்பை அதில் படியவைத்தது பொன்னுரங்கம்தான். அவர் தனியாகச் செய்த முதல் வேலை. அதை எடுத்துக்கொண்டுதான் கிளப்பில் சுடப் பழகும் தாமரைச்செல்வி மாநில அணித் தேர்வுக்குப் போனாள். குண்டுகள் திசைக்கொன்றாகப் போயின.

"அந்தப் பொண்ணு என்ன சொன்னாண்ணே?"

"துப்பாக்கி சரியில்லையாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கை நடுங்குது, இதெல்லாம் உனக்கு ஆகாதுன்னு நாலு பேர் முன்னாடியே சொல்லிட்டேன்."

மெர்சலின் ரைபிளை நிமிர்த்திப் பிடித்தாள்.

"குழாய்க்கும் கட்டைக்கும் நடுவுல விரலை வைங்க."

வைத்தார். இரும்பு உடம்பைக் கட்டையோடு பிணைக்கும் முன் திருகாணியை அவள் தளர்த்தினாள். அரைச் சுற்றுதான். குழாய் விரலைவிட்டு மேலே எழும்பியது. முடுக்கினாள், அழுந்தியது. தளர்த்தினாள், மறுபடி எழும்பியது.

திருகாணி தளர்ந்தாலும் குழாய் அசையக்கூடாது என்பது பொன்னுரங்கத்துக்கும் தெரியும்.

"பசை ஈரமா இருக்கறப்போ எப்படி முடுக்கினீங்க?"

"பலங்கொண்ட மட்டும். இம்மி அசையக்கூடாதுன்னு."

"ஃபைபர் வளைஞ்சு கொடுத்துருக்கு. பசை அந்த வளைவோடயே இறுகிப்போச்சு, அதான் குண்டு சிதறியிருக்கு. இரும்பைத் தன் பாரத்துல சும்மா உட்கார விட்டிருக்கணும்."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு அவர் அப்படிச் சொன்னதும் அந்தப் பெண் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதை நினைத்தால் வெட்கத்தைவிட மோசமாக இருந்தது.

"சரி பண்ண முடியுமா மேடம்?"

"சுரண்டி எடுத்துட்டு மறுபடி ஊத்தலாம். இது தாங்கும்."

"அப்போ அவகிட்டப் போய்ச் சொல்லிடறேன். தப்பு என்மேலதான்னு."

"கிளப்புக்கு வர்றாளா அவ?"

"இல்ல. துப்பாக்கியையே தொடமாட்டேங்கறாளாம். தனக்குக் கை நடுங்கும்னு இப்போ அவளே சொல்லிக்கிட்டுத் திரியறாளாம்."

மெர்சலின் உளியை எடுத்தாள்.

"கை நடுங்குதுன்னு நீங்க சொல்லி எத்தனை நாள் ஆச்சுண்ணே?"

"இருபது நாள்."

"இந்தப் பசைக்கே இறுக ஒரு நாள் போதும்" என்றாள் அவள், சுரண்டத் தொடங்கியபடி.