இலைக்கு மேல ரெண்டு கை

“அநியாயம் சாமி! பட்டப்பகல் கொள்ளை சாமி!”

சொர்ணலிங்கம் அண்ணாச்சி மடத்துக்குள்ள வந்த வேகத்துல செருப்பக்கூட கழத்தல.

வாளிச்சாமி அடுப்படியில சாம்பாரக் கிண்டிக்கிட்டு இருந்தாரு. திரும்பிப் பாக்கல.

“செருப்ப வெளிய விட்டுட்டு, கொள்ளைய மட்டும் உள்ள கொண்டாரும்.”

அண்ணாச்சி போயி செருப்பக் கழத்திட்டு வந்தாரு. கோவத்தக் கழத்தல.

வயசுல அண்ணாச்சிதான் பெரியவரு. அம்பதைத் தாண்டியாச்சு, அரிசி ஆலையில சூப்பர்வைசரு. சாமிக்கு முப்பத்தஞ்சு இருந்தா அதிகம். தாடி கூட மழை ஏமாத்துன காட்டுல மொளச்ச பயறு மாதிரி அங்கொண்ணும் இங்கொண்ணுமா நிக்கும். உபதேசம்லாம் வராது. மத்தியானம் ஆனா வாளியத் தூக்கிக்கிட்டுப் பந்தியில பரிமாறுவாரு. அதான் வாளிச்சாமி.

ஆனா எவனுக்கு எது முட்டிக்கிட்டாலும் அந்த ஆத்தங்கரை மடத்துக்குத்தான் ஓடி வருவான்.

“சொல்லும் வே. எவன் கொள்ளையடிச்சான்?”

“கிரெடிட் கார்டு சாமி! ஆறு வருசமா கட்டுதேன். ஒரு மாசம் தவறல. ‘கொறஞ்சது இவ்வளவு கட்டுனாப் போதும் சார்’ங்கான் பேங்க்காரன். அதக் கரெக்டா கட்டுதேன். கடன் கொறையணுமா வேண்டாமா? ஏறுது சாமி! வாங்குனது ஒரு ஃப்ரிட்ஜு. கட்டுன காசுக்கு மூணு ஃப்ரிட்ஜு வாங்கியிருக்கலாம்!”

“ஒரு ஃப்ரிட்ஜுதானா?”

“அப்புறம் ஒரு டிவி.”

“ம்.”

“மச்சினன் கல்யாணத்துக்கு மோதிரம். அது கௌரவம் சாமி, அதக் கணக்குல சேக்கப்படாது.”

“சேக்கல. அப்புறம்?”

“போன மாசம் ஒரு செல்லு.”

“பழைய செல்லு செத்துப்போச்சா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆஃபர் போட்டிருந்தான்.”

சாமி ஒரு சொட்டு சாம்பார உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தாரு. உப்புப் பத்தல. போட்டாரு.

“கார்டு எத்தன?”

“நாலு. மொதக் கார்டுக்கு ரெண்டாவதுல எடுத்துக் கட்டுவேன். ரெண்டாவதுக்கு மூணாவதுல எடுப்பேன். மூணாவதுக்கு நாலாவதுல எடுப்பேன்.”

“நாலாவதுக்கு?”

“அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

“எங்கிட்ட கார்டு இல்ல வே. கரண்டிதான் இருக்கு.”

அண்ணாச்சி சுத்திமுத்திப் பாத்துட்டு கொரலக் கொறச்சாரு.

“வீடு எம்பொண்டாட்டி செம்பகம் பேர்ல இருக்கு. அவ அப்பா குடுத்த வீடு. அத அடமானம் வச்சு மொத்தமா ஒரு லோன் போடுதேன். நாளைக்கு அவ கையெழுத்துப் போடணும். மாடி எடுக்கப்போறோம்னு சொல்லி வச்சிருக்கேன்.”

“மாடியா?”

“வேற என்ன சொல்ல? கார்டு விசயம் அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னைய உரிச்சுருவா. நீங்க ஒரே ஒரு வார்த்த, ‘போடு தாயி’ன்னு சொல்லிட்டீயன்னா போதும், போட்டுருவா. எம்பேச்ச நம்பமாட்டா. உங்க பேச்ச நம்புவா.”

சாமி கிண்டுறத நிறுத்துனாரு. அண்ணாச்சியத் தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு பார்வ பாத்தாரு.

“மைனி எங்க?”

“இங்கதான், பின்கட்டுல பந்திக்கு அப்பளம் பொரிக்கா.”

“சாப்பாட்டு நேரமாச்சு. பந்தியில போயி உக்காரும்.”

“சொல்லுவீயள்ல சாமி?”

“உக்காரும்ங்கேன்ல!”

அந்த மடத்துல ஒரே ஒரு சட்டம். இலையில சோத்த வச்சுக்கிட்டு எந்திரிக்கப்படாது. கலெக்டரே வந்தாலும் இலை காலியானாத்தான் எந்திரிக்கலாம். எங்கயும் எழுதிப் போடல. சாமி கையில இருக்க கரண்டியப் பாத்தா எழுதுனது மாதிரியே இருக்கும்.

அண்ணாச்சி சம்மணம் போட்டு உக்காந்தாரு. பக்கத்துல ஒரு லாரி டிரைவர்.

சாமியே வந்தாரு. சோறு, சாம்பாரு, கூட்டு. அண்ணாச்சி ரெண்டு வாய் தின்னாரு. சாமி திரும்பி வந்து ஒரு கரண்டி வச்சாரு.

“போதும் சாமி.”

இன்னும் ஒரு கரண்டி.

“போதும் போதும்!”

கூட்டு விழுந்துச்சு. அது மேல சாம்பாரு.

டிரைவர் சாப்பிட்டு, இலைய மூடிட்டு, ஏப்பம் விட்டுக்கிட்டே போயிட்டான். அண்ணாச்சி இலையில மட்டும் குன்று வளந்துக்கிட்டே போகுது. அவரு ஒரு ஓரத்துல தோண்டுவாரு, சாமி உச்சியில கொட்டுவாரு. வேட்டிய ஒரு சுத்து தளத்துனாரு. அப்புறம் இன்னொரு சுத்து. அதுக்கு மேல தளத்துனா மானம் போயிரும்.

“சாமி!”

பந்தியே திரும்பிப் பாத்துச்சு.

“இது என்ன அடாவடி! நான் ஒரு வாய் திங்கேன், நீங்க ஒரு கரண்டி வைக்கீய. நான் எப்பத்தான் எந்திரிக்க?”

“காலியானா எந்திரியும்.”

“நீங்க விட்டாத்தான காலியாகும்! தொண்ட கிழிய போதும் போதும்னு கத்துதேன்ல?”

“கத்துனீரு. எனக்கென்ன காது செவிடா?”

“காது கேட்டும் கொட்டுனா, அது அநியாயம் இல்லையா?”

“அநியாயந்தான்! எவன் இல்லைன்னான்?” சாமிக்கும் கோவம் வந்துருச்சு. கரண்டிய வாளிக்குள்ள டமார்னு போட்டாரு. “கரண்டி பிடிச்சவன் அநியாயக்காரன்தான் வே. கொட்டுறதுதான் அவன் பொழப்பு. அவன் நிறுத்துவான்னா காத்துக்கிட்டு இருந்தீரு? ஆனா வாய் போதும் போதும்னு கூப்பாடு போட்டப்ப, உம்ம கை எங்க இருந்துச்சு?”

அண்ணாச்சி குனிஞ்சு பாத்தாரு.

வலது கை சோத்துல. இடது கை மடியில.

பந்தியில வேண்டாம்னா எவனும் வாயால சொல்லிட்டு சும்மா இருக்கமாட்டான். குனிஞ்சு, ரெண்டு கையையும் இலைக்கு மேல விரிச்சு மறைப்பான். அப்படி மறைச்சா எந்தக் கொம்பனும் கொட்டமாட்டான். அண்ணாச்சியும் அம்பது வருசமா பந்தியில சாப்பிடுற ஆளுதான்.

“ஏன் வே மறைக்கல?”

அண்ணாச்சி சோத்தப் பெசைய ஆரம்பிச்சாரு.

“கேக்கேன்ல?”

“பாயசம் வருதுன்னு சொன்னாங்க...”

“அதுக்கு?”

“மறைச்சா தாண்டிப் போயிருவாங்கல்லா.”

பந்தி மொத்தமும் சிரிச்சுச்சு. எதிர்வரிசையில ஒருத்தருக்கு ரசம் மூக்குல ஏறிருச்சு. அண்ணாச்சிக்குக் காது ரெண்டும் செவந்துபோச்சு.

அந்த நேரம் பாத்து நெசமாவே பாயச வாளி வருது. வெல்லமும் ஏலக்காயும் அது வர்றதுக்கு முன்னால வந்துருச்சு. முந்திரி வேற மெதக்குது. வாளி ஒவ்வொரு இலையா நின்னு நின்னு வருது.

அண்ணாச்சி வாளியப் பாத்தாரு. தன் இலையில கெடக்க குன்றப் பாத்தாரு. எச்சில முழுங்குனாரு.

குனிஞ்சாரு. ரெண்டு கையையும் விரிச்சு இலைக்கு மேல வச்சாரு.

வாளி ஒரு நிமிசம் நின்னுச்சு. தாண்டிப் போயிருச்சு.

“போயிருச்சு சாமி,” வாளி போன பக்கமே பாத்தாரு. “இனி என்ன?”

“இருக்கதத் தின்னும்.”

“இவ்வளவையுமா? சாயங்காலம் ஆயிரும்!”

“ஆகட்டும்.”

“ஒத்தையா என்னால முடியாது சாமி.”

“ஒத்தையாத்தான் திங்கணும்னு இங்க எவன் சொன்னான்?”

அண்ணாச்சி பின்கட்டுப் பக்கம் பாத்தாரு. செம்பகம் அப்பளத் தட்டத் தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டு இருந்தா.

என்ன சொல்லணும்னு சாமி சொல்லிக் குடுக்கல.

“ஏட்டி செம்பகம்.”

“என்னங்க?”

“நாளைக்குக் கையெழுத்துப் போடாத.”

“ஏன்? மாடி?”

“மாடியும் இல்ல, மண்ணும் இல்ல. கார்டுக் கடன். நாலு கார்டு. அத அடைக்கத்தான் வீட்ட வைக்கச் சொன்னேன்.”

தட்டு தரையில இறங்குன சத்தத்துல பாதி அப்பளம் நொறுங்கிருச்சு.

“எப்ப இருந்து?”

“ஃப்ரிட்ஜுல இருந்து.”

“ஆறு வருசம்! ஆறு வருசமா எம்மூஞ்சியப் பாத்து அதுல இருந்து தண்ணி எடுத்துக் குடிச்சீயளே! எங்க அப்பா வீட்ட, எங்கிட்டயே பொய் சொல்லி வைக்கப் பாத்தீயளா? தூ! மனுசன்தானா நீங்க?”

அண்ணாச்சி தலைய நிமித்தல. கையையும் எடுக்கல.

செம்பகம் மூச்சு வாங்க நின்னா. சாமியப் பாத்தா. சாமி வாளியத் தூக்கிக்கிட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டாரு. இலையப் பாத்தா.

“இது என்ன, மலை மாதிரி?”

“எல்லாம் நான் வாங்கிப் போட்டதுதான்.”

அவ வளையல மேல ஏத்திவிட்டா. எதுத்தாப்புல உக்காந்தா. இலைய ஒரு இழு இழுத்து நடுவுல வச்சா.

“கையை எடுங்க.”

“மாட்டேன்.”

“எடுக்காம எப்படித் திங்க?”

“பாயசம் ரெண்டாந்தடவ வருது, அங்க பாரு.”

செம்பகம் திரும்பிப் பாத்தா. வாளி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. கீழ கெடந்த அப்பளத் தட்டக் கவுத்துக் கொட்டிட்டு, இடது கையால தூக்கி இலைக்கு மேல கொடை மாதிரி பிடிச்சா.

“தின்னு தொலைங்க. நான் மறைச்சுக்கிடுதேன்.”