லாக்வுட் பட்டறையின் பச்சை

“ஐயா, நீங்கள் யார் என்றே எனக்குப் பிடிபடவில்லை” என்றார் பென்ரோஸ்.

லாக்வுட் தலை நிமிரவில்லை. ஓர் இலையை வரைந்துகொண்டிருந்தார்.

“காலையில் பிரபுக்களின் மாளிகைச் சுவருக்குக் கொடியும் பூவும் வரைகிறீர்கள். மத்தியானம் கவிதை எழுதுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீன் சந்தை முனையில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, உழைக்கிறவனுக்கே எல்லாம் என்று தொண்டை கிழியக் கத்துகிறீர்கள். இந்த மூன்று பேரில் நான் யாருடைய சீடன்?”

“மூன்று பேருக்குள்ளும் ஓயாத தகராறு” என்றார் லாக்வுட். “தீர்ந்தால் உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.”

மறுபடியும் இலைக்குள் போய்விட்டார்.

விக்டோரியா மகாராணி ஆண்ட காலம். லண்டனுக்கு வெளியே ஆற்றோரமாக இருந்தது லாக்வுட்டின் பட்டறை. வீட்டுச் சுவரில் ஒட்டும் சித்திரத் தாள்களை, மர அச்சைச் சாயத்தில் தோய்த்து, அங்கே கையாலேயே அச்சடித்தார்கள்.

பென்ரோஸ் பாதிரியாராக இருந்தவர். லாக்வுட்டைவிட மூத்தவர். மீன் சந்தை முனையில் அந்தப் பேச்சைக் கேட்ட மறுவாரமே அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து சேர்ந்தார். தெளிவு கிடைக்கும் என்று வந்தவருக்கு, இருந்த தெளிவும் போய்விட்டது.

அந்தப் பேச்சைக் கேட்டது அவர் மட்டும் அல்ல. பட்டறைத் தொழிலாளர்களும் கேட்டிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, அச்சடிக்கும் சைலஸ் லாக்வுட்டின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு கைகளையும் நீட்டினார். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது.

“உங்கள் பச்சை, ஐயா. அதில் பாஷாணம் இருக்கிறதாம். வைத்தியர் சொன்னார். எல்லாருக்கும் கை இப்படித்தான். நீங்கள் அதை நிறுத்துகிறவரை நாங்கள் உள்ளே வரமாட்டோம்.”

லாக்வுட்டின் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோனதே அந்தப் பச்சைதான்.

லாக்வுட் சைலஸின் கையைப் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, சாயம் படாமலிருக்க உடுப்புக்கு மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு, சைலஸ் பின்னாலேயே வெளியே போனார்.

சமாதானம் பேசப் போகிறார் என்று நினைத்தார் பென்ரோஸ்.

சன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது, வேலிக்கு அப்பால் தொழிலாளர்கள் வரிசையாகத் தூறலில் உட்கார்ந்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் லாக்வுட். யாரோ பிட்டுக் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தார்.

பென்ரோஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாராவது ஒருவர் பட்டறையைக் காப்பாற்ற வேண்டாமா? கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

மறுநாள் ஒரு பிரபுவின் காரியஸ்தர் குதிரை வண்டியில் வந்து இறங்கினார்.

“மாளிகைக்குப் பச்சைத் தாள் எங்கே?”

“வேலைநிறுத்தம் நடக்கிறது.”

“லாக்வுட்டைக் கூப்பிடுங்கள்.”

“அவரும் வேலைநிறுத்தத்தில்தான் இருக்கிறார்.”

“யாரை எதிர்த்து?”

பென்ரோஸ் கொஞ்சம் யோசித்தார். “அவரைத்தான்.”

காரியஸ்தர் பென்ரோஸை ஏற இறங்கப் பார்த்தார்.

“இந்த வாரத்துக்குள் தாள் வந்தாக வேண்டும். இல்லையென்றால் வேறு பட்டறைக்குப் போய்விடுவோம். நாங்கள் போனால் மற்ற மாளிகைகளும் போகும். அப்புறம் நீங்கள் கடையைக் கட்டவேண்டியதுதான்.”

பென்ரோஸ் மழையில் ஓடினார். லாக்வுட் நனைந்த கோழிபோல் உட்கார்ந்திருந்தார்.

“இவர்கள் கேட்பது நியாயம்தானே?” என்றார் பென்ரோஸ், மூச்சு வாங்க.

“நியாயம்தான். கையைப் பார்த்தீர்களே.”

“அப்படியானால் பச்சையை விட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எல்லாரும் உள்ளே வரட்டும். நீலத்திலோ மஞ்சளிலோ அடித்துக் கொடுத்து மாளிகையிலிருந்து வந்திருக்கிற காரியஸ்தரைச் சரிக்கட்டிப் பார்க்கலாம்.”

“சொல்ல வாய் வரவில்லை.”

“என்ன?”

“அந்தப் பச்சைக்காக வருஷக்கணக்காக அலைந்தேன். மழை விட்டதும் புல் இருக்குமே, அந்தப் பச்சை. அது கிடைத்த அன்று குழந்தை மாதிரி அழுதேன். கொடுத்துவிடு என்றால் எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை, பென்ரோஸ்.”

சைலஸுக்கு அது காதில் விழுந்தது. முகம் சிவந்துவிட்டது.

“பிறகு எங்களோடு வந்து ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? எங்களுக்கு இது விளையாட்டு இல்லை, ஐயா. கூலி இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது.”

“எனக்கும் விளையாட்டு இல்லை” என்றார் லாக்வுட். “எனக்குள் இருக்கிற அந்த முதலாளிக்கு விட மனமில்லை. நீங்கள்தான் பிடுங்க வேண்டும். பிடுங்க ஆள் போதாது என்றால் நானும் வருகிறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சைலஸ் எழுந்து தள்ளிப்போய், மற்றவர்களோடு தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார்.

காரியஸ்தரின் வண்டி புறப்பட்டுப் போனது.

பென்ரோஸ் உள்ளே திரும்பிவந்து தாழ் போட்டார். பட்டறையில் ஈ காக்கை இல்லை. மூலையில் பச்சைச் சாயச் சட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் மூடியைத் திறந்தார். அழகாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. சட்டென்று மூடினார்.

எதைக் காக்கிறோம், யாரிடமிருந்து காக்கிறோம்? அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

பென்ரோஸ் தாழை நீக்கி, ஒரு சாண் அளவுக்குத் திறந்து, இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

முன்னால் சைலஸ். அவருக்குப் பின்னால் மற்ற எல்லாரும். கடைசியில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, லாக்வுட்.

“முதலாளியைப் பார்க்க வேண்டும்” என்றார் சைலஸ்.

பென்ரோஸ் லாக்வுட்டைப் பார்த்தார்.

லாக்வுட்டும் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த முதலாளியைத் தானும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்பதுபோல் எம்பி நின்றார்.

பென்ரோஸ் திரும்பி உள்ளே பார்த்தார். மேஜை இருந்தது. நாற்காலி இருந்தது. மறுபடியும் வெளியே பார்த்தார். மழை வலுத்துக்கொண்டிருந்தது.

“முதலாளி…” என்றார்.

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“முதலாளி இல்லை.”

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்பது அவர் காதிலேயே விழுந்தது.

சைலஸ் கதவைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

“அப்படியானால் நீங்கள் ஏன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?”