கையைத் தூக்காதவன்

"மத்த மூணு பேரும் பாதியிலயே கையைத் தூக்கிட்டு மேலே வந்துட்டாங்க. நான் ஒருத்தன்தான் கடைசிவரை அடியில கிடந்தேன். என்னைப் போய் ஊருக்குப் போன்னு சொல்றீங்களே வாத்தியாரம்மா, இது நியாயமா?"

கேட்டவன் கஸ்பார். தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிற குடும்பம். அவன் மூச்சடக்கினால் பார்க்கிற மீனுக்கு மூச்சு முட்டும் என்பார்கள்.

கடற்படை முக்குளிப்பவர்களுக்கான மூச்சுக்கருவியை முதலில் அந்தச் சோதனைக் குளத்தில்தான் இந்த நாலு பேரும் கட்டிக்கொண்டு இறங்கிப் பார்ப்பார்கள். குமிழியே விடாத கருவி. நாம் விட்ட மூச்சைச் சுத்தம் பண்ணி நமக்கே திருப்பித் தரும். வாத்தியாரம்மா சரி என்றால்தான் அது கடலுக்குப் போகும். அவள் பெயர் தமயந்தி. அதைச் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் துணிச்சல் கிடையாது.

கஸ்பாரின் துணிப்பெட்டி ஊருக்குப் போகத் தயாராக வாசலில் கிடந்தது.

அவன் கழற்றி வைத்த கருவியைத் தமயந்தி திறந்தாள். உள்ளே இருந்த, மூச்சைச் சுத்தம் பண்ணும் வெள்ளை மருந்தை அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

உதிரவில்லை. கட்டி கட்டியாய் விழுந்தது.

"தண்ணி போயிருக்கு," என்றான் கஸ்பார். "கெட்ட மூச்சை இது தின்னிருக்காதே."

"தலை வலிச்சுதா?"

"பிளந்துச்சும்மா."

"மூச்சு வாங்குச்சா?"

"வாங்குச்சு. அடக்கிக்கிட்டேன். நமக்கு அதெல்லாம் தூசு."

"சரி. நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டுக் கடல்ல இறங்கப் போறவன் யாரு?"

"யாரோ ஒரு பையன். ராஜஸ்தான்காரன்னு சொன்னாங்க."

"அவனும் சங்கு குளிச்சவனா?"

கஸ்பார் கையிலிருந்த கட்டியைப் பார்த்தான்.

பிறகு மெல்லக் கேட்டான்: "இறக்கிப் பார்க்காத கருவி இன்னும் இருக்காம்மா?"

மூலையைக் காட்டினாள். எடுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

"இனி சாப்பாட்டு மணி அடிச்சாத்தான் வருவான்," என்று மற்ற மூன்று பேரும் குளத்து விளிம்பில் உட்காரப் போனார்கள்.

உட்காரவில்லை. அதற்குள் தண்ணீருக்கு மேலே ஒரு கை.

"என்ன சங்குக்காரரே, ஆழம் ஜாஸ்தியோ?" ஒருத்தன் சிரித்தான்.

கஸ்பார் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கினான். எல்லோரும் பார்க்க, வெட்கமில்லாமல் மூச்சு வாங்கினான்.

"இழுக்கும்போது கனக்குதும்மா. குழாய்ல எங்கயோ மடிப்பு இருக்கு."

தமயந்தி வாசலுக்குப் போனாள். அவன் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கி உள்ளே வைத்தாள்.